சாவில்லாத ஒரு பக்கம்

எங்கள் வீட்டில் ஏசி உள்ள அறை ஒன்றுதான். அதில் மனுசர் யாரும் படுப்பதில்லை. விளாங்குடியில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்திலும் நானும் என் மனைவி கனகலட்சுமியும் ஹாலில் காற்றாடிக்குக் கீழேதான் கிடப்போம். ஏசி அறையில் இருப்பவை பழைய செய்தித்தாள்கள். 1947 ஆகஸ்ட் 15-இல் நாடு விடுதலையான நாள் தொடங்கி, 1950 ஜனவரி 26-இல் குடியரசான நாள் வரை, ஒரே நாளிதழின் ஒவ்வொரு நாள் தாளும் அங்கே இருக்கிறது. எண்ணூற்றுச் சொச்சம்.

"கட்டுனவ இங்க வேர்த்து ஒழுகுறா. காயிதத்துக்கு அங்க குளுகுளுன்னு இருக்கு" என்பாள். பதில் சொன்னால் அன்றைக்குச் சோறு கிடைக்காது.

ஒவ்வொரு நாள் தாளும் என்றேனா? பொய். ஒரு நாள் இல்லை. 1948 ஜனவரி 31. காந்தி சுடப்பட்டதற்கு மறுநாள் வந்த தாள்.

இந்தத் தாள்கட்டை ஆரம்பித்து வைத்தவர் என் தாத்தா. செக்கானூரணிப் பக்கம் எங்கள் ஊருக்கு நாளிதழ் வரவழைத்த முதல் ஆள் அவர்தான். எல்லாவற்றையும் அடுக்கி வைத்த மனுசர், அந்த ஒரு தாளை மட்டும் படித்த கையோடு வாசலில் நின்று கிழித்துப் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி கொண்டுவந்த கடுதாசியை வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். கருமாதிப் பத்திரிகை வந்தாலும் வாசலிலேயே படித்து, அங்கேயே கிழித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். தாத்தாவுக்கு அதுவும் ஒரு சாவுக் கடுதாசி. அவ்வளவுதான். வேறு ஐந்து வீடுகளில் எனக்குப் பழைய கட்டுகள் கிடைத்தன. ஐந்திலும் அந்த நாளை மட்டும் காணோம். அடப்பாவிகளா என்று வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன்.

பெரிய நூலகத்தில் போய்ப் பாருங்கள் என்று சிலர் யோசனை சொன்னார்கள். பார்க்கவா நான் இருபது வருசமாக அலைகிறேன்? எனக்குத் தாள் வேண்டும்.

தாள் வாங்குவதில் எனக்கு ஒரு வழி உண்டு. மின்வாரியத்தில் லைன்மேனாக ஊர் ஊராகச் சுற்றியவன் நான். ஒரு பொருளை வேண்டும் என்று கேட்டால் ஜனங்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதன்மேல் கொஞ்சம் பயத்தைக் கிளப்பிவிட்டால் அவர்களே கையில் திணித்து அனுப்பிவிடுவார்கள். அவனியாபுரத்தில் ஒரு வீட்டில், "இந்தப் பழைய தாள்ல இருக்குற பூச்சி பட்டுச் சேலையத்தான் மொதல்ல திங்கும்" என்று சொல்லி ஒரு முழு மாதத்துத் தாள்களை வாங்கி வந்தேன். அந்த அம்மா எனக்குக் காப்பியும் கொடுத்தார்.

போன மாசியில் அதே அவனியாபுரத்திலிருந்து இம்மானுவேல் போன் பண்ணினான். படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருப்பவன்; என் கிறுக்கு அவனுக்குத் தெரியும்.

"அண்ணே, நேத்து ஒரு பொண்ணு காந்தி படம் ஒண்ணு கண்ணாடி மாத்தக் கொண்டாந்துச்சு. பேப்பர்ல வந்த படம். முழுத் தாளையும் மடிச்சு, படம் மட்டும் தெரியுற மாதிரி உள்ள வச்சிருந்துச்சு. பின்னாடி அட்டையக் கழட்டுனப்ப பாத்தேன், சுத்திக் கருப்புக் கோடு. ஜனவரி 31ன்னு போட்டிருந்துச்சுண்ணே."

"அந்தப் பிள்ளைட்ட சொன்னியா?"

"இல்லண்ணே. அது வர்றதுக்குள்ள அடிச்சு ஒட்டிட்டேன். பேரையூர்ப் பக்கமாம், அட்ரஸ் இருக்கு."

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். பேரையூரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, பருத்திக் காட்டை ஒட்டின ஒரு காரை வீடு. வாசலில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். முனியாயி என்று பெயர். படத்துக்குக் கண்ணாடி மாற்றியது அவருடைய மகள் முத்துமீனா. அவனியாபுரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வளைகாப்பு முடிந்து, ஏழு மாத வயிற்றோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

பழைய படங்களைப் பார்க்கிற ஆள் என்று மட்டும் சொன்னேன். முனியாயி சந்தோசமாக உள்ளே கூட்டிப் போனார். முருகனுக்கும் கருப்பசாமிக்கும் நடுவில் காந்தி இருந்தார். புதுக் கண்ணாடிமேல் சந்தனம், குங்குமம். கீழே ஒரு ஆஸ்பத்திரிக் கவர்.

"எங்கப்பா சங்கிலி வச்சது. பண்ணையில மாடு பாத்த ஆளு, எழுத்து தெரியாது. சந்தையில பருப்புக் கட்டிக் குடுத்த தாள்ல காந்தி படம் இருந்துச்சாம். பருப்பத் துண்டுல கொட்டிக்கிட்டு, தாள மடிச்சுக் கொண்டாந்துட்டாராம். எங்களுக்கு வீட்டு மனப் பட்டா வந்தப்ப இவருக்கு முன்னாடிதான் வச்சோம். இவ பரீட்சைக்குப் போறப்பயும் ஹால் டிக்கெட்ட இங்கதான் வைப்பா" என்றார்.

எழுத்துத் தெரிந்த வீடுகளிலெல்லாம் கிழிந்துபோன தாள், எழுத்துத் தெரியாத ஒரு மனுசரால் பிழைத்துக் கிடக்கிறது.

"இதவிடப் பெருசா, கலர்ல ஒரு காந்தி படம் வாங்கித் தாரேன் தாயி. இத எனக்குக் குடுத்துருங்களேன்" என்றேன்.

"நல்லா இருக்கே! எங்கப்பன் வச்சதக் குடுப்பமாண்ணே?" என்று சிரித்தார்.

அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். அல்லது இருபது வருசமாக எதற்கு அலைகிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். என் புத்தி பழைய வழியிலேயே போனது. முத்துமீனாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"நீங்க குடுக்க வேணாம். ஆனா ஒண்ணு சொல்றேன். உள்ள மடிச்சிருக்குறது காந்தி செத்த சேதி வந்த தாளு. கருமாதிக் கடுதாசிய நாம வீட்டுக்குள்ள வைப்பமா? அதுலயும் மாசமா இருக்குற பிள்ள இருக்குற வீட்டுல?"

முனியாயியின் முகம் செத்துப்போனது. படத்தைக் கழற்றினார். எடுத்துட்டுப் போயிருங்க என்று நீட்டுவார் என நான் கையை ஏந்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. விறுவிறுவென்று வாசலுக்குப் போய், அட்டையைப் பிய்த்து, தாளை உருவி, பிரிக்காமலே இரண்டாகக் கிழித்தார். நாலாகக் கிழித்தார். "தாயி! வேணாம்!" என்று நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். எழுபத்தெட்டு வருசத்துத் தாள். பொசுக்கென்று போய்விட்டது.

நான் கத்தியது அவர் காதில் விழுந்திருக்காது. அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு மொதப் பிள்ள நாலு மாசத்துல போச்சு. ரெண்டாவது ஆறு மாசத்துல போச்சு. ரெண்டு தடவையும் ஸ்கேன் ரிப்போர்ட்ட இதுக்கு முன்னாடிதானே வச்சேன். நானே கொண்டுபோயி வச்சேனேடி மீனா!" என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

தாள் போன வயிற்றெரிச்சலில் நின்றிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன காரியம் பண்ணிவிட்டேன்.

முத்துமீனா என்னை வேலியோரம் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"சார், டாக்டர் எனக்கு என்ன பிரச்சினைன்னு தெளிவாச் சொல்லியிருக்காரு. அம்மாவுக்கு அதெல்லாம் புரியாது. சாகுற வரைக்கும் இதையே சொல்லி அழுகும். நீங்க சொன்னது பொய்னு போய்ச் சொல்லுங்க."

"பொய் இல்லையேம்மா" என்றேன் வெட்கமில்லாமல்.

"இப்ப எனக்கு அதுவா முக்கியம்? போங்க சார்."

போய் முனியாயியின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தேன். வயது அறுபத்து நாலு. யார் முன்னாலும் அப்படி உட்கார்ந்ததில்லை.

"தாயி, நான் சொன்னது பொய். தாளு எனக்கு வேணும்னு பயங்காட்டினேன். சாவுச் சேதியெல்லாம் அதுல இல்ல."

அழுகை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அது நல்ல தாளா?"

"நல்ல தாளுதான்."

"அப்ப எங்கப்பன் வச்சிருந்த நல்ல தாளையா நான் அடுப்புல போட்டேன்?"

இதை நான் யோசிக்கவில்லை. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் உடைகிறது. "அதே மாதிரி நல்ல தாளு எங்கிட்ட இருக்கு. நானே கொண்டாந்து சட்டத்துல வைக்கிறேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கனகலட்சுமியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "மனுசனா நீங்க?" என்றாள். பிறகு ஏசி அறைக்குள் வந்து கூடவே உட்கார்ந்தாள்.

தேட வேண்டியது இதுதான்: காந்தி படம் இருக்க வேண்டும். அந்தத் தாளின் முன்னாலும் பின்னாலும் ஒரு சாவுகூட இருக்கக் கூடாது. எளிது என்றுதான் நினைத்தேன். இருபது வருசத்தில் நான் தேதியைப் பார்த்திருக்கிறேனே தவிர, தாள்களைப் படித்ததில்லை. மூன்று நாள் படித்தோம். காந்தி படம் போட்ட தாள் முப்பத்தொன்பது இருந்தது. ஒன்றில் ரயிலில் வெட்டிப் போடப்பட்டவர்கள். ஒன்றில் அகதி முகாமில் காலரா. ஒன்றில் கலவரம், மறுபக்கம் பஞ்சம். எதுவும் இல்லையே என்று எடுத்தால் கீழ் மூலையில் யாரோ ஒரு வக்கீல் மாரடைப்பில் போயிருப்பார். புது நாடு பிறந்தது, பிறந்தது என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவன் நான். உள்ளே இத்தனை பிணம் கிடப்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. 1947 ஆகஸ்ட் 15. முதல் பக்கத்தில் காந்தி, கொடி, வாழ்த்து. இரண்டாம் பக்கத்தில் விழா நிகழ்ச்சிகள், விளம்பரங்கள். அதிலும்கூட அடியில் லாகூர் கலவரம் என்று நாலு வரி இருந்தது. மடித்தால் உள்ளே போய்விடும்.

"இதக் குடுத்துட்டா உங்க கட்டுக்குத் தலையே இல்லாமப் போயிருமேங்க" என்றாள் கனகலட்சுமி.

"ஆமா" என்றேன். அழுகை வந்தது என்றே எழுதுகிறேன், என்ன வெட்கம்.

"அந்தப் பிள்ளைக்கு இது மூணாவது. பேசாம எடுங்க."

நான் மறுபடி போனபோது முனியாயி வாங்க என்று சொல்லவில்லை. முத்துமீனாதான் நாற்காலி எடுத்துப் போட்டாள். சட்டத்தையும் அட்டையையும் கொண்டுவந்து வைத்தாள். தாளைப் பிரித்துக் காட்டினேன். முனியாயி காந்தி முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மடிக்காதீங்க. மீனா, நீ படி. முன்னாடி பின்னாடி எல்லாத்தையும் சத்தமாப் படி. ஒரு எழுத்து விடக்கூடாது. இந்த ஆளப் படிக்க விடாத" என்றார்.

எனக்கு வேர்த்துவிட்டது. முத்துமீனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தாளை வயிற்றின்மேல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். சுதந்திர உதயம் படித்தாள். தலைவர்களின் வாழ்த்துகள் படித்தாள். எந்தெந்த ஊரில் எத்தனை மணிக்குக் கொடியேற்றம் என்பதையும் விடவில்லை. முனியாயி ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தைத் திருப்பினாள். மதுரையில் ஊர்வலம், பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய். அப்புறம் கீழே வந்தாள்.

லாகூர் என்ற எழுத்தின்மேல் அவள் கண் நின்றதை நான் பார்த்தேன். நாலு வரி. முழுவதையும் மனசுக்குள் படித்துவிட்டாள். தலை தூக்கி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் முனியாயி.

"எழுத்து மங்கலா இருக்கும்மா" என்றாள். வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்து விளம்பரத்துக்குப் போனாள். "சுதந்திர தினத்தை முன்னிட்டு, எங்களிடம் கதர் வேட்டிகள், சேலைகள், குழந்தைகளுக்கான சட்டைகள் கிடைக்கும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாம்மா."