பூட்டுக்காரர் வாங்கிவந்த பெட்டி

சோதனை மெஷினுக்குள் போன எல்லாருடைய பையும் மறுபக்கம் ஒழுங்காக வெளியே வந்தது. பூட்டுக்காரருடைய கைப்பை மட்டும் பாதி வந்து, நின்று, திரும்ப உள்ளே போனது. இரண்டாம் தடவை வந்தபோது அதைத் தனியாக ஒதுக்கிப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள்.

"இது யாரோட பை?"

"என்னுதுதான் மேடம்," என்று அவர் முன்னால் போனார். இடுப்பு பெல்ட் இன்னும் ட்ரேயில் கிடந்ததால் நழுவுகிற பேண்ட்டை ஒரு கையால் பிடித்திருந்தார். தன்னுடைய கம்பீரத்தில் முக்கால்வாசி அந்த பெல்ட்டில்தான் இருந்திருக்கிறது என்பது ஐம்பத்து நாலு வயதில் அவருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

"உள்ள ஒரு பெட்டி இருக்கே, அதைத் திறந்து காட்டுங்க சார்," என்றாள் அந்தப் பெண் அதிகாரி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காலையிலிருந்து நின்ற களைப்பு முகத்தில் தெரிந்தது.

"அதுக்கென்ன, தாராளமா."

ஒரு சாண் நீளம். கறுத்த மரம், ஓரமெல்லாம் பித்தளைப் பட்டை, அடியில் நாலு குட்டிக் கால்கள், முன்பக்கம் அழகான சாவித்துளை. பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சாவிக்காக, கடையில் அதைப் போட்டுக் கொடுத்த காகிதப் பையில் கையை விட்டார். இல்லை. சட்டைப்பையில் இல்லை. பேண்ட் பையில் தேடப் போய் பேண்ட்டே இறங்கப் பார்த்தது. அங்கேயும் இல்லை.

பூட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் சொந்தக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். அவ்வளவு பெரிய கடை. வாசலில் 'எந்தப் பூட்டும் பத்தே நிமிடத்தில்' என்று போர்டு. முப்பது வருஷமாக அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருகிறவர்கள். பூட்டைத் திறப்பதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு சொற்பொழிவு உண்டு. மனுஷனுக்குக் கவனம் எதற்கு, கண் எதற்கு, சாவி கையில் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்தால் குடியா முழுகிவிடும் என்று தொடங்கி, மழையில் நனைந்து நிற்கிற ஆளைக்கூட விடாமல் முழுசாகச் சொல்லி முடித்துத்தான் சாமான் பையைத் திறப்பார். அந்தச் சொற்பொழிவு இப்போது முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. கேட்க ஆள்தான் இல்லை, அவரைத் தவிர.

"சாவி இல்லையா சார்?"

"கடைக்காரன் வைக்க மறந்துட்டான்போல."

பழியைத் தூக்கி அடுத்தவர் தலையில் போடுவதில் அவர் எப்போதுமே கொஞ்சம் வேகம்.

"உள்பக்கம் பூரா தகடு அடிச்சிருக்கு. ஒண்ணும் தெரியல. ஆனா அடியில நீளமா ஒரு இரும்பு தெரியுது. பார்க்காம விட முடியாது. இல்லேன்னா கவுண்டருக்குப் போய் லக்கேஜ்ல போட்டுட்டு வாங்க."

கடிகாரத்தைப் பார்த்தார். கவுண்டர் மூடியிருப்பார்கள். விமானம் புறப்பட நாற்பது நிமிஷம்கூட இல்லை.

"அப்ப இங்கேயே விட்டுட்டுப் போயிடுங்க சார். நிறையப் பேர் அப்படித்தான் விட்டுட்டுப் போறாங்க," என்று பின்னால் இருந்த பெரிய தொட்டியைக் காட்டினாள். அதில் கத்தரிக்கோல், வாசனைத் தண்ணீர், யாரோ யாருக்கோ ஆசையாக வாங்கிய, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டைப் பொம்மை எல்லாம் அநாதையாகக் கிடந்தன.

விட்டுவிட்டுப் போகலாம்தான். வேறு எந்தச் சாமானாக இருந்தாலும் விட்டிருப்பார். இந்தப் பெட்டியை மட்டும் விட முடியாது.

வருஷத்துக்கு ஒரு தடவை பூட்டுக் கண்காட்சிக்கு வெளியூர் போவார். திரும்பும்போது மனைவிக்கென்று கையில் கிடைத்ததைக் கொண்டுவருவார். கிடைப்பது எப்போதும் கம்பெனிக்காரர்கள் இலவசமாகத் தருகிற சாவிவளையம். அந்த அம்மாளிடம் இப்போது ஒன்பது சாவிவளையங்கள் இருக்கின்றன, மாட்டுவதற்கு ஒரு சாவி கிடையாது. இவ்வளவு வருஷத்தில் அவள் வாய்திறந்து எதுவும் கேட்டதில்லை. இந்த முறைதான், இவர் செருப்பைப் போடும்போது, "பூட்டுற மாதிரி ஒரு சின்னப் பெட்டி கிடைச்சா வாங்கிட்டு வாங்க. அம்மாவோட கம்மலை வைக்கணும்," என்றாள்.

அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மிச்சம் அந்த ஒரு ஜோடிக் கம்மல்தான். அதை அவள் அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். ஒரு நாள் அரிசி களையும்போது ஒற்றைக் கம்மல் விரலில் தட்டுப்பட்டு, நல்லவேளை, தண்ணீரோடு போகாமல் தப்பியது. வீட்டில் பீரோ இல்லையா என்றால், இருக்கிறது. நாலு வருஷமாகப் பூட்டுவதில்லை. பூட்டுவது என்ன, சாத்தவே முடியாது. கதவிடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகி வைத்திருக்கிறார்கள். ஊரில் உள்ள பூட்டையெல்லாம் பத்து நிமிஷத்தில் திறக்கிற மகானுடைய வீட்டு பீரோ அது. "ஞாயித்துக்கிழமை பார்க்கிறேன்," என்று அவர் சொல்லி இருநூறு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

ஆகவே இந்தப் பெட்டி வீடு போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். பத்தாவது சாவிவளையத்தோடு போய் நிற்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

"மேடம், ஒரு விஷயம் சொல்றேன்," என்று குரலைச் சரிசெய்துகொண்டார். "பூட்டு திறக்கிறதுதான் என் தொழில். வீடு, கார், லாக்கர், எதுவானாலும் சாவியே இல்லாம திறந்துடுவேன்."

நம்பிக்கை வரட்டும் என்று சொன்னது. அடுத்த மேஜையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய அதிகாரி நாற்காலியோடு இவர் பக்கம் திரும்பினார்.

"யார் வீடா இருந்தாலுமா?"

"கூப்பிட்டா மட்டும்தான் சார்," என்று பூட்டுக்காரர் அவசரமாகச் சொன்னார்.

"அதுக்குண்டான கம்பி, சாமானெல்லாம்?"

"லக்கேஜ்ல போயிடுச்சு சார்."

பெரிய அதிகாரி காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன எழுதினார் என்று பூட்டுக்காரர் எட்டிப் பார்க்கப் போய், பேண்ட் நழுவியதால் பின்வாங்கினார்.

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் இரக்கப்பட்டுத் தலையிலிருந்த ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள். "ரெண்டு நிமிஷம்தான் சார், என் கண்ணு முன்னாடி," என்றாள் அதிகாரி. பூட்டுக்காரர் பின்னை நிமிர்த்தி, துளைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிக்கொள்வது கடையில் வாடிக்கையாளர்களுக்காகச் செய்கிற வித்தை. அதனால் பூட்டுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. பின் உள்ளே போனது, சுற்றியது, வளைந்தது. வளைந்ததை நிமிர்த்தி மறுபடி விட்டார். இந்தத் தடவை இன்னும் அழகாக வளைந்தது. ஷூவுக்காகக் காத்திருந்தவர்கள் ஷூவை மறந்துவிட்டு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானம் கப்பலேறும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அவருடையது விமானமே ஏறிவிட்டது; அவர்தான் இன்னும் ஏறவில்லை.

"உடைச்சுத்தான் பார்க்கணும்னா உடைச்சுப் பார்க்கலாம் சார். சம்மதமா?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வீட்டிலிருந்து.

"என்னங்க, ஏறியாச்சா?"

"இல்லம்மா. இங்க ஒரு மேடம், அந்தப் பெட்டியை..."

"திறக்கச் சொல்றாங்களா?"

"சாவியைக் காணோம். அந்தக் கடைக்காரன் வைக்கவே இல்ல."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அவர் வச்சாருங்க. பெட்டிக்குள்ளதான் வச்சாரு. நான் பார்த்தேனே."

அப்போதுதான் பூட்டுக்காரருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. முந்தாநாள் கடையில் நின்று மனைவிக்கு வீடியோ கால் போட்டு, பெட்டியைக் காட்டி, பிடித்திருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் எதையோ செய்துகாட்ட ஆரம்பித்தார். "அண்ணே, முப்பது வருஷமா இதுதான் தொழில். எனக்கே சொல்லிக் குடுக்கிறீங்களா?" என்று இவர் சிரித்துவிட்டு, சாவித்துளையின் வேலைப்பாட்டைப் பற்றி அந்த மனுஷனுக்கே பாடம் நடத்தினார். கையிலிருந்த போன் அது பாட்டுக்குக் கடைக்காரர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

"பார்த்தியா? பின்னே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. முப்பது வருஷம் முப்பது வருஷம்னு பேசிட்டிருந்தீங்க. நடுவுல எதுக்குன்னு விட்டுட்டேன்." பிறகு, "போனை அந்த மேடம்கிட்ட குடுங்க," என்றாள்.

"என்கிட்டயே சொல்லும்மா."

"உங்ககிட்டயா? பாதியிலயே தெரியும் தெரியும்னு சொல்வீங்க. குடுங்க."

அதிகாரி போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். இனி வரிசை முழுவதும் கேட்கலாம்.

"பின்பக்கம் இடது கால் இருக்கில்லம்மா, அதை உள்பக்கமா அமுக்கு. அமுக்கிக்கிட்டே பெட்டியை முன்பக்கமா சாய்ச்சுப் பிடி. அடிப்பலகை லேசா நகரும். விரலால இழு."

அமுக்கினாள், சாய்த்தாள், இழுத்தாள். அடியிலிருந்து தீப்பெட்டி மாதிரி ஒரு ரகசிய இழுப்பறை வெளியே வந்தது. அதற்குள் சமர்த்தாகப் படுத்திருந்தது சாவி. மெஷினில் தெரிந்த நீளமான இரும்பு அதுதான். போட்டுத் திருப்பியதும் மூடி திறந்தது. உள்ளே கடைக்காரர் வைத்த பஞ்சைத் தவிர ஒன்றுமில்லை. மொத்தம் அரை நிமிஷம். ஹேர்பின் கொடுத்த அம்மாள் கை தட்டினாள். அசடு வழிய நிற்பது என்றால் என்ன என்று யாராவது படம் வரைய நினைத்திருந்தால் அதுதான் சமயம்.

"ரொம்ப நன்றிம்மா," என்று போனில் சொல்ல வந்தவர், நன்றி போதாது என்று பட்டதால், "வந்ததும் முதல் வேலையா பீரோவைப் பார்க்கிறேன்," என்றார்.

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'வில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. மழை வரும் என்று ரேடியோவில் சொன்னால் கேட்டுக்கொள்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டாள்.

"என்ன பீரோ சார்?" என்றாள் அதிகாரி, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபடி. இவ்வளவு ஆனபிறகு மறைக்க என்ன இருக்கிறது, சொன்னார். அவள் முதல்தடவையாகச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன் சார். எங்க பாத்ரூம்ல எட்டு மாசமா லைட் இல்ல. போய் முதல்ல அந்த பீரோவைப் பாருங்க."

சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் வீடு வந்துவிட்டார். பெட்டியை மனைவியின் கையில் கொடுத்தார். அவள் அதைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்குங்க," என்றாள். காபிகூடக் கேட்காமல் சாமான் பையோடு படுக்கையறைக்குப் போய் பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். இடுக்கிலிருந்த காகித மடிப்பை உருவினார். நாலு வருஷத்து அழுக்கோடு வரும் என்று எதிர்பார்த்தார். புத்தம் புதிதாக இருந்தது. பிரித்தால், போன வாரத்துச் செய்தித்தாள்.

கதவு தானாகத் திறந்துகொண்டது. கீழ்த்தட்டில், துணிகளுக்குப் பக்கத்தில், அதே அளவில் மடித்த காகிதங்கள் ஒரு கட்டு. ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. எண்ணினார். பன்னிரண்டு.

"என்னம்மா இது?"

"மாசத்துக்கு ஒண்ணு நசுங்கிப் போயிடுது. அப்பப்ப மடிக்கிறது தொல்லையா இருக்குன்னு அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து மடிச்சு வச்சிட்டேன்," என்றாள் அவள், சாதாரணமாக.

நாலு வருஷமாக ஒரே காகிதம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். மாசாமாசம் ஒருத்தி உட்கார்ந்து மடித்துச் செருகியிருக்கிறாள், இந்த வீட்டிலேயே இருந்துகொண்டு அவர் பார்க்கவில்லை. வருத்தமாக இருந்தது. ஏர்போர்ட்டில் அத்தனை பேர் முன்னால் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பூட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது. பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மாட்டினார். எட்டு நிமிஷம் ஆயிற்று. அந்த மட்டில் கடை போர்டு பொய் சொல்லவில்லை.

அவள் கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள். சாத்தினாள், பூட்டினாள், திறந்தாள். இரண்டு தடவை. பிறகு சமையலறைக்குப் போய், கம்மலை அரிசித் தூசி போகத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பெட்டி திறக்கிறதை இன்னொரு தடவை செஞ்சு காட்டு," என்றார் அவர்.

"முப்பது வருஷமா..."

"அதை விடு. மெதுவா காட்டு."

காட்டினாள். இடது கால், சாய்ப்பு, பலகை. அவர் வாயை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு தானே செய்தார். முதல் தடவை வலது காலை அமுக்கிவிட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவின் கம்மல் பஞ்சுமேல் படுத்தது, பெட்டி பீரோவுக்குள் போனது.

"இனிமே இது எதுக்கு?" என்று காகிதக் கட்டைக் குப்பைக்கூடையில் போட எடுத்தார்.

"இங்க குடுங்க." வாங்கி, ரப்பர் பேண்டை விலக்கி, மேலே இருந்த ஒன்றை மட்டும் உருவிக் கூடையில் போட்டாள். "இது அடுத்த மாசத்துக்கு வச்சது. மத்ததைப் பூட்டு தாங்குதான்னு பார்த்துட்டுப் போடலாம்." மீதிப் பதினொன்றையும் பழையபடி கட்டி, கீழ்த்தட்டிலேயே வைத்து பீரோவைப் பூட்டினாள்.