கெனேவே அடித்த ஒரே கோல்

கெனேவே கோல்கீப்பராக வேண்டும் என்று ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. மசேருவில் ஜீன்ஸ் தைக்கும் தொழிற்சாலையில் இடுப்புப்பட்டை தைப்பது அவள் பிழைப்பு. கோல் அடிப்பது அவள் ஆசை. லெசோத்தோவின் பெண்கள் கால்பந்து அணியில் அவளை எடுத்தபோதும் முன்னால் நின்று ஆடத்தான் எடுத்தார்கள். முதல் ஆட்டத்தன்று மலைப்பாதையில் பனி கொட்டி, அணியின் கோல்கீப்பர் வழியிலேயே மாட்டிக்கொண்டாள். பயிற்சியாளர் ராமாட்லா மற்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கெனேவேதான் எல்லாரையும்விட உயரம்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நில்லு மகளே. உனக்குத்தான் கை நீளம்."

"ந்தாதே, எனக்குப் பந்தை உதைக்கத்தான் தெரியும். பிடிக்கத் தெரியாது."

"வர்ற பந்தைப் பிடி. பிடிக்க முடியலேன்னா தட்டி விடு. அந்த வேலையே அவ்வளவுதான்."

ந்தாதே என்றால் அப்பா. வயதில் மூத்த ஆண்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவது. அப்பாவிடம் அதற்குமேல் எதிர்த்துப் பேச முடியுமா? ஏழெட்டு கோலாவது வாங்கிவிடுவோம் என்று எல்லாரும் மனதைத் தேற்றி வைத்திருந்த அந்த ஆட்டத்தில் இரண்டே கோல்தான் விழுந்தது. தோற்றவர்கள் மாதிரியே இல்லை யாரும். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு முகத்தைச் சுளித்திருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

ஐந்து வருடம் போயிற்று. பனியில் மாட்டிய பெண் கல்யாணம் செய்துகொண்டு எல்லைக்கு அந்தப்பக்கம் போய்விட்டாள். கையுறை கெனேவேயிடமே தங்கிவிட்டது. அந்த ஐந்து வருடத்தில் போட்டி ஆட்டம் ஒன்றில்கூட அணி ஜெயிக்கவில்லை. கோல் அடிக்காதது முன்னால் நிற்கிறவர்கள்தான். ஆனால் வலைக்குள் கிடக்கும் பந்தும் அதன் பக்கத்தில் குப்புற விழுந்து கிடக்கும் அவளும்தானே ஊர்க் கண்ணில் படுகிறது? தோல்வி அத்தனையும் அவள் பெயரில் ஏறியது. தொழிற்சாலைக்குப் போகும் வேனில் அவள் ஏறினால் டிரைவர் திரும்பிப் பார்த்துச் சொல்வான்: "யாராவது கதவை நல்லாச் சாத்துங்கப்பா. இவ பக்கத்துல இருந்தா எல்லாம் உள்ள வந்துடும்." வேனே சிரிக்கும். ஊர் வாயை மூட உலைமூடி எங்கே இருக்கிறது? அவளும் சிரித்து வைப்பாள்.

சிரிப்புகூடப் பரவாயில்லை. கம்பங்களுக்கு நடுவே நிற்பதுதான் அவளைக் கொன்றது. எதிரிகள் பந்தோடு வரும்வரை சும்மா நிற்க வேண்டும். வந்தபிறகோ யோசிக்க நேரமில்லை. தூரத்தில் தன் அணிப்பெண்கள் பந்தைக் கொண்டுபோய் எதிரியின் கோலுக்கு முன்னால் தடுமாறுவதைப் பார்க்கும்போது அவள் கால் தானாக மண்ணைக் கிளறும். 'அந்த இடத்தில் நான் இருந்தால்' என்று பல்லைக் கடிப்பாள். வெள்ளைக்கோட்டைத் தாண்டிப் போகலாம், சட்டம் தடுக்காது. ஆனால் கோலைக் காலியாக விட்டுவிட்டுப் போக முடியாது.

ராமாட்லாவிடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"என்னை முன்னால போடுங்க ந்தாதே."

"போட்டுடலாம். கோல்ல யாரு நிப்பா? உங்க அம்மாவா?"

"வேற ஆளே இல்லையா இந்த நாட்டுல?"

"கொண்டுவா. அன்னிக்கே உன்னை விட்டுடறேன்."

வாய்வார்த்தையாகத்தான் அவர் சொன்னார். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பயிற்சி மைதானத்தை ஒட்டியே, பந்தைக் கையாலேயே எறிந்து பிடிக்கும் நெட்பால் ஆடும் இடம் இருந்தது. அங்கே போன்ட்சோ என்று ஒருத்தி. இருபது வயது. தலைக்கு மேலே போகும் பந்தை ஒற்றைக் கையால் பறிப்பாள். கெனேவே ஒருநாள் சுடச்சுட எண்ணெயில் பொரித்த மாவுருண்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லாப் பிடிக்கிறே நீ. இங்க யாரு கைதட்டறாங்க உனக்கு?"

"எங்கம்மா வந்தா தட்டுவாங்க. கால்வலின்னு இப்ப அவங்களும் வர்றதில்ல," என்றாள் போன்ட்சோ, வாய் நிறைய மாவுருண்டையோடு.

"எங்ககூட வா. விமானத்துல போகலாம். நெஞ்சுல நாட்டோட பேரு போட்ட சட்டை குடுப்பாங்க."

"எனக்குக் காலால ஒண்ணும் வராது அவுசி."

அவுசி என்றால் அக்கா. அந்த ஒரு சொல் கெனேவேயைச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் சொன்னாள்: "காலே வேண்டாம். கை இருக்கில்ல, அது போதும்."

அதன்பிறகு வேலை முடிந்த ஒவ்வொரு சாயங்காலமும் கெனேவே அவளை நிற்கவைத்துப் பந்தடித்தாள். தெரிந்ததெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். போன்ட்சோ எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்: "தன் இடத்தையே எனக்குத் தர்றாங்க. அந்த மாதிரி மனசு யாருக்கு வரும்?" கெனேவே மறுக்கவில்லை. தான் வெளியே வர அவளை உள்ளே தள்ளுகிறோம் என்பதை எப்படிச் சொல்வது?

ராமாட்லா போன்ட்சோவைப் பார்த்தார். நாலைந்து பந்து தானே அடித்துப் பார்த்தார். கடைசியில், "சரி, சொன்ன வார்த்தை சொன்னதுதான்," என்றார்.

அந்த வருடம் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கோப்பை போர்ட் எலிசபெத்தில் நடந்தது. காற்றுக்குப் பேர்போன ஊர். மேலே போகும் பந்து எங்கே இறங்கும் என்று பந்துக்கே தெரியாது. முதல் ஆட்டத்தில் போன்ட்சோ கோலில் நின்றாள். கெனேவே வெளியே பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு கோல் விழுந்தது. நான்காவது விழுந்ததும் போன்ட்சோ பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். கெனேவே குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

இரண்டாவது ஆட்டமும் தோல்வி. கடைசிப் பத்து நிமிடம் கெனேவேயை முன்னால் இறக்கினார்கள். கால் மறந்துவிட்டிருந்தது. வந்த பந்து ஒன்று முழங்காலில் பட்டு எதிரியிடமே போயிற்று. ஐந்து வருடம் நின்றே பழகிய கால் ஓடச் சொன்னால் ஓடுமா? அன்றைக்குச் சாப்பாட்டில் சோளக்களியை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அணித்தலைவி மபாதோ எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உள்ள நின்னா வெளிய வரணுங்கறே. வெளிய வந்தா உள்ளதான் நல்லா இருந்துச்சுன்னு தோணுதா?"

"இல்லை. ஓடினதும் மூச்சு வாங்குச்சு. அதுவே நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் கெனேவே.

மூன்றாவது ஆட்டம் ஒரு தீவு நாட்டு அணியோடு. அவர்களும் தோற்றே வந்தவர்கள்தான். முன்களக்காரி ஒருத்திக்குக் காய்ச்சல் வந்ததால் கெனேவேயை ஆரம்பத்திலிருந்தே இறக்கினார் ராமாட்லா. இடைவேளை முடிந்து சற்று நேரத்தில் மபாதோ இடப்பக்கமிருந்து ஒரு பந்தை உயர அடித்தாள். காற்று அதைப் பிடித்து உள்ளே வளைத்தது. ஐந்து வருடம் காற்றில் வரும் பந்துகளையே பார்த்து நின்றவள் அல்லவா? அது எங்கே இறங்கும் என்று அந்த மைதானத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. எதிரணி கோல்கீப்பர் ஒருபக்கம் தாவ, கெனேவே மறுபக்கம் போய் நெற்றியால் முட்டினாள்.

கோல்.

அவளுக்குக் கொண்டாடத் தெரியவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மற்றவர்கள் வந்து மேலே விழுந்தார்கள். தூரத்தில் தன் கோலுக்கு முன்னால் போன்ட்சோ தனியாகக் குதித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் எல்லாரும் பின்னால் வந்து கோலைச் சுற்றிக் கோட்டை கட்டினார்கள். மாற்று ஆட்டக்காரிகள் அத்தனை பேரையும் ராமாட்லா இறக்கித் தீர்த்துவிட்டார். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி தப்பித் தனியாக ஓடிவந்தாள். போன்ட்சோ முன்னால் பாய்ந்தாள். கை பந்தைத் தொடவில்லை, காலைத்தான் வாரியது. விசில் ஊதியது. பெனால்டி, போன்ட்சோவுக்குச் சிவப்பு அட்டை.

போன்ட்சோ கையுறையைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு போனாள். ஒவ்வொரு தலையாகக் கெனேவே பக்கம் திரும்பியது. ராமாட்லா கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கூப்பிடக்கூட இல்லை.

"பாக்காதீங்க என்னை!" என்று கத்தினாள் கெனேவே.

மபாதோ கையுறையை எடுத்துத் தூசியைத் தட்டினாள். "வேற யாரு அவுசி?" என்றாள்.

கையுறை உள்ளே ஈரமாக இருந்தது. கம்பங்களுக்கு நடுவே போய் நின்றதும் கால் தன் பழைய இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது. பந்தை வைக்கிறாள் அந்தத் தீவுக்காரி. கெனேவே கணக்குப் போட்டாள். இது உள்ளே போனால் ஒன்றுக்கு ஒன்று. சமன் என்றாலும் ஊரில் கொண்டாடத்தான் செய்வார்கள். பெனால்டியைத் தடுக்காததற்கு யாரும் யாரையும் திட்டுவதில்லை. கோல் அடித்தவள் என்ற பேரோடு முன்னாலேயே இருந்துவிடலாம். தடுத்தால்? சாகும்வரை இந்த இரண்டு கம்பம்தான். சும்மா நின்றால் போதும். கொஞ்சம் தாமதமாக விழுந்தால் போதும்.

அப்போதுதான் போன்ட்சோ நினைவுக்கு வந்தாள். இந்தப் பந்து உள்ளே போனால் யார் பெயரில் ஏறும்? தன் பெயரில் அல்ல. நெட்பால் ஆடி நிம்மதியாக இருந்தவள் பெயரில். நாளைக்கு வேனில் அந்தப் பெண் ஏறும்போது டிரைவர் திரும்பிப் பார்த்து என்ன சொல்வான் என்று கெனேவேக்குத் தெரியும்.

தீவுக்காரி ஓடிவந்து உதைத்தாள். கெனேவே முழு மனதோடு இடப்பக்கம் பாய்ந்தாள். விரல் நுனியில் பட்ட பந்து கம்பத்தில் மோதி வெளியே போயிற்று.

லெசோத்தோ ஒன்று, எதிரணி பூஜ்யம். அவள் ஆட வந்தபிறகு அணி ஜெயித்த முதல் போட்டி ஆட்டம். பெண்கள் அழுதுகொண்டே பாடினார்கள். உடைமாற்றும் அறையில் போன்ட்சோ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்னைக் காப்பாத்திட்டீங்க," என்றாள். கெனேவே அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ராமாட்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அடுத்த தகுதிச்சுற்றுக்கு..."

"முடியாது ந்தாதே. ஆளைக் கொண்டுவந்தேன். வார்த்தை குடுத்திருக்கீங்க."

"நான் மாத்திப் பேசலையே. போன்ட்சோதான் நிப்பா. நான் என்ன சொன்னேன் இப்ப?"

ஆனால் போன்ட்சோ நிற்கவில்லை. ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் கெனேவேயின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று கூப்பிட்டும் வரவில்லை.

"நான் நெட்பாலுக்கே போறேன் அவுசி. கோபப்படாதீங்க. அந்தக் கம்பத்துக்கு நடுவுல நின்னா எனக்கு மூச்சு முட்டுது. உங்களுக்கு அப்படியெல்லாம் இருக்காது. நீங்க அதுக்குன்னே பொறந்தவங்க."

கெனேவே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனக்கும் அங்கே மூச்சு முட்டுகிறது என்ற உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? இந்தப் பெண் திரும்பி வருவாள், நன்றிக்காக, மூச்சு முட்டிக்கொண்டே.

"போ. நல்லா ஆடு," என்றாள். "அம்மாவோட கால்வலிக்கு வெந்நீர் ஒத்தடம் குடு."

அதன்பிறகும் நான்கு வருடம் கெனேவேதான் கோலில் நின்றாள். இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள், நிறைய தோற்றார்கள். வேனில் இப்போது அவளுக்கு முன்சீட்டு. "பெனால்டி அக்கா" என்று டிரைவர் மரியாதையாகக் கூப்பிட்டான். அந்தக் கோலைப் பற்றி யாரும் பேசுவதில்லை, தடுத்ததைத்தான் பேசினார்கள்.

பயிற்சி முடியும் நேரத்தில் எப்போதாவது ராமாட்லா மனமிரங்கி, "போ, கொஞ்ச நேரம் முன்னால ஆடிக்கோ," என்பார். அவள் கையுறையை வீசிவிட்டு ஓடுவாள். பந்து அவள் காலுக்கு வந்ததும் எதிரே நிற்கும் பெண்கள் மெல்ல ஒதுங்கி வழிவிடுவார்கள். பாவம், அக்கா ஆசைப்படுகிறாள் என்று.

"தடுங்கடி!" என்று கத்துவாள் கெனேவே. "ஒருத்தியாவது வந்து என்னைத் தடுங்கடி!"

அவர்கள் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் நகர்ந்து நிற்பார்கள்.