பெட்டி வாங்கிய அடி

பூனாவில் ஒரு பெட்டி லாரியிலிருந்து விழுந்த அதே நேரத்தில், தென்காசியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ராபியாவின் இடது தோள் கன்றிப்போனது. மறுநாள் அதைப் பார்த்த தெருப் பெண்கள் அவள் புருஷன் ஹம்தானை முறைத்தார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு டெம்போ ஓட்டும் ஹம்தான், கொசுவைக்கூட ஊதி விரட்டுகிற ஆள். பாவம், ஒரு வாரம் அவனுக்கு யாரும் ஸலாம்கூடச் சொல்லவில்லை. பூனாவிலிருந்து போன் வந்த பிறகுதான் அவன் தலை தப்பியது. பெட்டிக்குள் இருந்த கேமராவுக்கு ஒரு கீறல் இல்லையாம். எந்தப் பக்கமாக விழுந்தது என்று கேட்டதற்கு இடது மூலை என்றார்கள்.

ராபியா வேலை பார்க்கும் பெட்டிக் கம்பெனி மகாதேவனுடையது. கல்யாண வீட்டு போட்டோக்காரராக இருந்தவர், ஒரு சீசனில் புதுமணத் தம்பதியைப் படமெடுக்க ஐந்தருவிக்குப் போய்க் கேமராவைத் தண்ணீருக்குத் தாரைவார்த்தார். அந்த வயிற்றெரிச்சலில் மேலகரத்தில் ஷெட் போட்டு, தண்ணீர் புகாத, விழுந்தால் உடையாத பெட்டிகள் செய்ய ஆரம்பித்தார். புது மாதிரிப் பெட்டி தயாரானதும் ஒரு பொரித்த அப்பளத்தை உள்ளே வைத்து மூடி, அருவிக்கடியில் கொண்டுபோய் வைப்பார்கள். திறக்கும்போது அப்பளம் நொறுங்காமலும் நமத்துப்போகாமலும் இருந்தால் பெட்டி பாஸ். அந்த அப்பளத்தை அத்தனை பேரும் கிள்ளித் தின்ற பிறகுதான் அடுத்த வேலை.

ராபியாவின் வேலை பெட்டிக்குள் ஸ்பாஞ்சு வெட்டுவது. எந்தக் கருவியானாலும் கண்ணை மூடித் தடவிப் பார்த்து, அதன் உருவத்துக்குப் பள்ளம் எடுப்பாள். அவள் வெட்டிய ஸ்பாஞ்சில் படுத்த எதுவும் உடைந்ததில்லை. அடி அவளுக்கு வந்துவிடும், அவ்வளவுதான். பதறிப்போன மகாதேவன் வெட்டுகிற மெஷின் வாங்கிப் போட்டார். மெஷின் வெட்டிய பெட்டிகளில், எல்லா ஊர்ப் பெட்டிகளையும் போல, சரக்கு சில சமயம் உடைந்தது. ராபியா மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டாள். வேலை மேல் அவளுக்கு அப்படியொரு பெருமை. குற்றாலம் கடைவீதியில் தைலத்துக்கா பஞ்சம் என்றாள். கன்றியும் ஆறியும் சில வருஷங்கள் போயின.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவள் உண்டானாள். அதே மாதம் வடக்கே மலையூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆர்டர் வந்தது. குறைமாதக் குழந்தைகளின் உயிரைப் பிடித்து வைக்கும் கருவியை மலைப்பாதையில் ஜீப்பில் கொண்டுபோகப் பெட்டி வேண்டும். ஜீப் குலுங்கி, அந்த அடி ராபியாவின் வயிற்றில் விழுந்தால் என்ன ஆகும் என்று ஷெட்டில் எல்லோருக்கும் பயம்.

"நீ கத்தியத் தொடாதம்மா. ஆர்டரே வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார் மகாதேவன்.

"அப்போ அங்கன அந்தப் பிள்ளைகளோட கதி என்ன அண்ணாச்சி?" என்று கேட்ட ராபியா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவளுக்குத் தன் பிள்ளையும் வேண்டும், முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளும் வேண்டும்.

மூடிக்குக் கீல் பூட்டும் உலகம்மாள் அன்றைய அப்பளத்தில் தன் பங்கை மென்றுகொண்டிருந்தாள். "ஏட்டி, ஒத்த அப்பளத்தயே இத்தன பேரு பிச்சுத் திங்கோம். அடிய மட்டும் நீ ஒருத்தியே வாங்கணுமோ? கத்தியக் கொண்டா இங்கன."

அன்றைக்கு ஷெட்டில் எல்லோரும் வரிசையாகக் கண்ணை மூடிக் கருவியைத் தடவினார்கள், ஆளுக்கொரு கீற்று வெட்டினார்கள். ஹம்தான் டெம்போ நிறைய மார்க்கெட் சுமைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் வெட்டியது கோணல்மாணலாகப் போய் ஊரே சிரித்தது. கேள்விப்பட்டு அச்சன்புதூரிலிருந்துகூட ஆள் வந்தது. ராபியாவும் அடம்பிடித்து ஒரு கீற்று வெட்டினாள்.

மார்கழியில் ஒரு மத்தியானம் வடக்கே ஒரு ஜீப் பள்ளத்தில் உருண்டது. டிரைவர் குதித்துத் தப்பினார். இங்கே மகாதேவனின் டீ சிந்தியது, உலகம்மாளின் கையிலிருந்து கீல் விழுந்தது, பாவூர்சத்திரத்தில் சுமைக்காரர்கள் முதுகைச் சொறிந்துவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கினார்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் மிளகளவுக்கு ஒரு சிவப்பு. ராபியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஷெட்டில் எல்லோரும் அவளிடம் ஓடிவந்தார்கள். உள்ளே பிள்ளை ஒரு விக்கல் விக்கிவிட்டுப் புரண்டு படுத்தது. "ஒண்ணுமில்ல, தூங்குது" என்று அவள் சிரித்தபோது உலகம்மாள் ஓவென்று அழுதாள். சாயங்காலம் வடக்கேயிருந்து போன் வந்தது: கருவி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிட்டது, பழுதில்லை, இப்போது அதற்குள் ஒரு குழந்தை இருக்கிறது, பால் குடிக்கிறது.

ராபியாவுக்குப் பெண் பிறந்தது. இப்போது கம்பெனியில் ஸ்பாஞ்சு வெட்டும் நாளில் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. பிள்ளை நடை பழகி, பெட்டிகளுக்கு நடுவே தத்தித்தத்தி ஓடுகிறாள். நாள் முழுக்க விழுகிறாள், அழுவதே இல்லை. அவள் விழும்போதெல்லாம் ஷெட்டில் யாராவது ஒருவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, அவள் எழுந்துவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, வேலையைத் தொடர்கிறார்.