பெயர்ப்பலகை இல்லாத தெருவில் ஒரு அண்ணன்

லுக்யான் பெத்ரோவிச் ருஷ்யாவில் பெரிய எழுத்தாளர். எங்கள் பிராக் நகரத்துக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் இறங்குவார். அவர் நாவல்களை எங்கள் செக் மொழியில் மொழிபெயர்த்தவள் நான். "ருஷ்யன், செக், போலிஷ், பல்கேரியன் எல்லாம் ஸ்லாவ் இனம், ஒருதாய்ப் பிள்ளைங்க, திராகா" என்று கண் கலங்குவார். நானும் உருகிப்போய் அண்ணே, அண்ணே என்று சுற்றுவேன்.

எங்கள் அரசு ஜனங்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கொடுத்தது பொறுக்காமல், அறுபத்தெட்டு ஆகஸ்டில் அந்த அண்ணன் நாட்டு டாங்கிகள் எங்கள் ஊருக்குள் நுழைந்தன. என் புருஷன் ஒத்தகர் வானொலியில் செய்தி வாசிப்பவன். நிலையம் பறிபோன பிறகும் ஒரு நிலவறையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தான். அவனைப் பிடிக்க ருஷ்யச் சிப்பாய்கள் தேடினார்கள். ஊர் சும்மா இருக்குமா? தெருப்பலகை, வீட்டு எண், வாசலில் இருந்த பெயர், எல்லாவற்றையும் ஜனங்கள் கழற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பலகையை நானே திருப்புளி வைத்துக் கழற்றினேன். வழி தெரியாமல் அலையட்டும் பயல்கள்!

ஒருநாள் மத்தியானம் ஒத்தகர் ஒளிந்து வந்து, குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். கதவு தட்டும் சத்தம்.

"நான்தாம்மா, லுக்யான்."

அப்பாடா என்று திறந்தேன். அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு மூன்று சிப்பாய்கள்.

"அண்ணே... நீங்களா வழி காட்டுனீங்க?"

"வேற யாரால முடியும்? சின்னப் புள்ளைங்க மாதிரி பலகையெல்லாம் கழட்டி வெச்சிருக்கீங்களே!" குரலில் கோபமே இல்லை. "போலந்துக்காரன் திமிரு புடிச்சவன். செர்பியாக்காரன் முரடன். நீங்க ஜெர்மன்காரன் பக்கத்துல இருந்தே கெட்டுப்போனவங்க. மூத்தவன் நாங்க கண்டிக்கலேன்னா யாரு கண்டிப்பா?"

"அய்யோ, அவரைக் கொன்னுடுவாங்க!"

"சேச்சே! மேல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்."

ஒத்தகர் கரண்டியைக் கீழே வைத்தான். தலையில் இன்னும் ஈரம்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியேய்யா" என்றான். செருப்பு மாட்டக்கூட விடவில்லை. இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் லுக்யானின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "நீ நாசமாப் போவ! உன் கை அழுகிப்போவும்!" அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. அவர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. நடிப்பாக இருந்திருந்தால் அங்கேயே காறித் துப்பியிருப்பேன். பாவி, நிஜமாகவே அழுதார்.

"அழாத தங்கச்சி. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

சொல்லிவிட்டு ஒத்தகரின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவன் பாதியில் விட்ட தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.