ரெண்டாவது டக்

இனிமேல் எப்போது கார் இன்ஜினுக்குள் வருவது என்பதைக் காற்று முடிவு செய்யாது, தானே முடிவு செய்யப்போவதாக விஞ்ஞானி அறிவித்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர்: அவன் அக்காவும், அக்கா புருஷனும். அந்தப் பட்டத்தைக் கொடுத்ததும் அவர்கள்தான். மிக்ஸியைச் சரிசெய்கிறேன் என்று அவன் வீட்டையே இருட்டாக்கிய அன்றைக்கு.

அக்காவுக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை மாற்றல் வந்திருந்தது. மாமாவின் பழைய காரில்தான் தினமும் ஏறி இறங்க வேண்டும். அதில் இருந்தது ரோட்டரி இன்ஜின். பிஸ்டன் கிடையாது; முக்கோணமாக இரண்டு ரோட்டர்கள் சுழலும். வேகம் பிடிக்கும்போது ரோட்டருக்கு ஒன்றாக இரண்டு கூடுதல் காற்றுத் துளைகள் திறக்க வேண்டும். திறந்துவிடுவது புகையின் அழுத்தம். சைலன்சரை மாற்றியதிலிருந்து அந்த அழுத்தம் போதவில்லை. துளைகளின் மூடிகள் கரி பிடித்து இறுகிவிடக் கூடாதென்று மாமா தினமும் காலையில் பானெட்டைத் தூக்கி, அவற்றின் சின்னக் கைப்பிடிகளை விரலால் அசைத்துவிடுவார். அவர் பல் டாக்டர்.

"காருக்கும் பல் தேய்ச்சு விடுறீங்களா மாமா? கொப்பளிக்கத் தண்ணி கொண்டு வரட்டுமா?"

"சிரிடா, சிரி. சொத்தை விழுந்தா தெரியும்."

விஞ்ஞானி புகையை நம்பவில்லை. குட்டி எலக்ட்ரிக் பம்ப் ஒன்றை வைத்தான். இன்ஜின் வேகம் ஏறியதும் பம்ப் காற்றைத் தள்ளும். துளைகள் 'டக், டக்' என்று திறக்கும். மாமாவின் விரல் நுழையாதபடி, பம்பை வேண்டுமென்றே கைப்பிடிகளுக்கு மேலேயே பொருத்தினான். முதல் ஓட்டத்தில் கார் பறந்தது. அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

"இனி மலை ரோட்டுல லாரி வாலைப் பிடிச்சுக்கிட்டே போகாதக்கா. மிதி. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அதற்கப்புறம் சில வாரங்கள் கார் ஊர் நெரிசலிலேயே ஊர்ந்தது. பம்புக்கு வேலை வரவில்லை. பானெட்டை யாரும் திறக்கவுமில்லை.

புது இடத்தில் வேலைக்குச் சேர இரண்டு நாள் இருக்கையில், மகளை நீச்சல் போட்டியிலிருந்து கூட்டிக்கொண்டு அக்கா மலை ஏறினாள். பின்சீட்டில் குழந்தை ஈரத்தலையோடு தூங்கியது. விஞ்ஞானி முன்சீட்டில். முன்னால் மரம் ஏற்றிய லாரி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

"மிதிக்கா."

அக்கா எதிர்ப்பக்கம் ஏறி மிதித்தாள்.

டக்.

விஞ்ஞானி அடுத்ததற்குக் காத்திருந்தான். வரவில்லை. கார் இருமியது, உதறியது, லாரியின் நடுவயிற்றுக்கு நேராக அப்படியே நின்றாற்போல் தொங்கியது. வளைவில் ஒரு பேருந்தின் நெற்றி தெரிந்தது.

"டேய், இழுக்கலடா! இழுக்கல!"

அக்கா பிரேக்கை மிதித்தாள். லாரி முன்னே நகர, அதன் பின்னால் கார் செருகிக்கொண்டது. பேருந்து அடித்த காற்றில் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தை புரண்டு படுத்தது.

மலை இறங்கி வந்ததும் வீட்டு வாசலில் அக்கா சொன்னாள்: "நீ சொன்னேன்னுதான்டா மிதிச்சேன்." திட்டியிருந்தால் தேவலை.

அக்கா வேலைக்குச் சேரும் திங்கட்கிழமை விடிந்ததும் விஞ்ஞானி பம்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். இடது கைப்பிடி அசைந்தது. வலது, கல். எண்ணெய் விட்டு, விரல் நோக நெம்பினான். கறுப்பாக ஏதோ உதிர்ந்தது. கைப்பிடி மெல்ல வந்தது. விட்டான். திரும்பிப் போக அது யோசித்தது. மறுபடி அசைத்தான். மாடிப்படியில் அக்காவின் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. மறுபடி அசைத்தான்.