டி.சி. இல்லாத ஊர்

ரூஃபஸின் எக்செல் தாளில் இருபத்தாறு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. எம்.டி. கல்லூரிகளுக்குப் பச்சை, டி.ஓ. கல்லூரிகளுக்கு மஞ்சள். மகள் ஆன்லின் விண்ணப்பம் போடத் தொடங்கியதிலிருந்து, வெஸ்ட் வின்ட்சரிலிருந்து நியூயார்க் வங்கி வேலைக்கு ரயிலில் போய்வரும் நேரமெல்லாம் அவருக்கு அந்தத் தாளோடுதான் கழிந்தது. ஏப்ரல் கடைசியில் மஞ்சளில் ஒரே ஒரு வரியில் 'கிடைத்தது' என்றிருந்தது. பச்சையில் மூன்று வரிகள் காத்திருப்புப் பட்டியலில். மற்றதெல்லாம் சாம்பல் நிறம்.

அமெரிக்காவில் டாக்டராக இரண்டு வழி உண்டு. எம்.டி. என்பது ஊரில் நாம் அலோபதி என்று சொல்வது; நம் எம்.பி.பி.எஸ். போல இங்கே அதுதான் முதல் டாக்டர் பட்டம். டி.ஓ. என்பது ஆஸ்டியோபதி. இரண்டுக்கும் நான்கு வருடம், அதே மருந்துகள், அதே அறுவை சிகிச்சை, படித்து முடித்தபின் அதே மருத்துவமனைகளில் பயிற்சி. டி.ஓ. மாணவர்கள் கூடுதலாக, கழுத்தையும் முதுகையும் மூட்டுகளையும் கையால் தொட்டுச் சரிசெய்யவும் கற்றுக்கொள்வார்கள். ரூஃபஸின் மனைவி கிருபாராணி பதினெட்டு வருடமாக ட்ரென்டன் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு இதில் குழப்பமே கிடையாது.

"எனக்கு ஆர்டர் எழுதுறவரு டி.ஓ.வா எம்.டி.யான்னு பேட்ஜப் பாத்தாத்தான் தெரியும். ஹார்ட் நின்னு போய் வாறவன் அதையெல்லாம் கேக்க மாட்டான்."

"அவன் கேக்க மாட்டான். மார்த்தாண்டத்துல எனக்க அண்ணன் கேப்பான்லா?" என்றார் ரூஃபஸ். "போன வாரம் போன்ல, பிள்ள ஹோமியோபதியா படிக்கப்போவுதுன்னு கேக்கான்."

அதனால் அவர் மார்ச்சிலேயே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அது அவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்து வந்த வழி. பிளஸ் டூ முடித்த வருடம் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்தார். இரண்டு மாதம் கழித்து இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து இடம் கிடைத்ததாகக் கார்டு வந்தது. மறுநாளே கல்லூரி அலுவலகத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அவர் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். கையில் கிடைத்ததில் முதலில் உட்கார வேண்டும். நல்லது வந்தால் எழுந்து போக வேண்டும்.

"இப்போ டி.ஓ.ல சேந்துக்க மக்களே. ஒரு வருஷம் நல்ல மார்க் எடு. அப்புறம் எம்.டி.க்கு மாறிக்கலாம்."

ஆன்லினுக்குத் தமிழ் முழுதும் புரியும். பதில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். "அப்பா, இட் டஸன்ட் வர்க் லைக் தட். எம்.டி. ஸ்கூல்ஸ் டி.ஓ. ஸ்டூடன்ட்ஸ எடுக்கவே மாட்டாங்க. மே பி அங்க யாராவது விட்டுட்டுப் போய், ஒரு இடம் காலியா இருந்து, நமக்கும் ரொம்பப் பெரிய காரணம் இருந்தா. ஆல்மோஸ்ட் நெவர்."

"ஆல்மோஸ்ட்னா இருக்குன்னுதான அர்த்தம்?"

அவள் கண்ணை உருட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ரூஃபஸ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அந்த மாதமே ஒருநாள் ரயிலில் உட்கார்ந்து, மஞ்சள் வரிக் கல்லூரியின் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். மகளின் பெயர், விண்ணப்ப எண் எல்லாவற்றையும் தெளிவாகப் போட்டார். முதல் வருடம் முடிந்ததும் எம்.டி. கல்லூரிக்கு மாற டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட் (டி.சி.) எத்தனை நாளில் தருவீர்கள், அதற்கு என்ன படிவம் என்று கேட்டார். 'ரெஸ்பெக்டட் மேடம்' என்று ஆரம்பித்து 'தேங்க்கிங் யூ' என்று முடித்தார். பதில் வரவில்லை. அவரும் மறந்துவிட்டார்.

ஏப்ரல் இருபத்தெட்டு, திங்கட்கிழமை மதியம், பச்சையில் ஒரு வரி உயிர் பெற்றது. ஒஹையோவில் ஓர் எம்.டி. கல்லூரி காத்திருப்புப் பட்டியலிலிருந்து ஆன்லினைக் கூப்பிட்டிருந்தது. அலுவலகத்தில் ரூஃபஸ் நாற்காலியிலிருந்து எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். சாயங்காலம் வீடு வந்து சேர்வதற்குள் அண்ணனுக்குச் செய்தி அனுப்பியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன் சாட்சியாகச் சொல்வதற்குப் போதகரிடம் பெயரும் கொடுத்தாகிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் ஆன்லின் சாதத்தில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "புதன்கிழமைக்குள்ள ஒண்ணு மட்டும் வச்சுக்கணும். நான் இங்க டி.ஓ.வுக்கே போறேன்."

ரூஃபஸ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"சும்மா இரி. எம்.டி. கிடைச்சிருக்கு."

"தெரியும். அது நல்ல ஸ்கூல். பட் ஐ வான்ட் திஸ் ஒன்."

"ஏன் மக்களே? சொல்லு."

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். ஒன்றரை வருடமாக ஹாமில்டனில் ஒரு குடும்ப டாக்டரிடம் அவள் வேலை பார்க்கிறாள். டாக்டர் நோயாளியிடம் பேசப் பேச, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிற வேலை. அந்த அம்மா ஒரு டி.ஓ. "ஒரு டிரக் டிரைவர் வருவாரு. கேள்வி கேட்டா எல்லாத்துக்கும் 'ஃபைன்'னுதான் சொல்லுவாரு. டாக்டர் ஒருநாள் அவர் பின்னால நின்னு கழுத்தப் பிடிச்சுப் பாத்தாங்க. கையெடுக்காம அஞ்சு நிமிஷம். அப்பத்தான் அவரு மூணு மாசமா படுக்கைல தூங்கலைன்னு சொன்னாரு. வைஃப் செத்துட்டாங்களாம், ரெக்லைனர் சேர்லயே தூங்குறாராம். நான் டைப் பண்றத நிறுத்திட்டேன்." தண்ணீர் குடித்தாள். "எனக்கு அது கத்துக்கணும். அங்க கத்துத் தர மாட்டாங்க. அவ்ளோதான்."

"எம்.டி. படிச்சிட்டுக் கழுத்தப் பிடிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"ரூஃபஸ் டாக்டருக்கு எல்லாம் தெரியும்," என்றாள் கிருபாராணி. "கொஞ்சம் கூட்டு போட்டுக்கிடுங்க."

மறுநாள் செவ்வாய்க்கிழமை மாலை ரயில் நியூவர்க்கைத் தாண்டியபோது அந்தப் பதில் வந்தது. மரியாதையான மின்னஞ்சல். தாமதத்துக்கு வருந்துகிறோம், ஆன்லினின் கோப்பை இறுதி செய்யும்போதுதான் தங்கள் கடிதத்தைக் கவனித்தோம், இங்கிருந்து மாறிச் செல்வதே அவரது எண்ணமாக இருந்தால் அந்த முடிவை மதிக்கிறோம், சேர்க்கை இணையதளத்தில் அவரது கணக்கை நிறுத்திவைத்திருக்கிறோம், காத்திருப்போர் பலர் இருப்பதால், நாளை மாலை ஐந்து மணிக்குள் ஆன்லின் தம் விருப்பத்தை எழுத்தில் உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

ரூஃபஸ் இரண்டு முறை படித்தார். மெட்ரோபார்க் வந்தது. கதவு திறந்து மூடியது. மின்னஞ்சல் அவருக்கு மட்டுமே வந்திருந்தது. அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. யாரிடமும் பொய் சொல்லக்கூட வேண்டாம். நாளை ஐந்து மணி வரை சும்மா இருந்தால் மஞ்சள் வரி தானாகவே சாம்பலாகிவிடும். ஒஹையோ மட்டும் இருக்கும். ஆன்லின் இரண்டு நாள் அழுவாள். நான்கு வருடம் கழித்து வெள்ளைக் கோட்டில் எம்.டி. என்று இருக்கும். அண்ணன் கேட்க மாட்டான்.

எடிசன் தாண்டும்போது, யாரும் கேட்காமல், வேலுமணியின் ஞாபகம் வந்தது. பத்தாவதிலிருந்து ஒன்றாகப் படித்தவன். நாகர்கோவிலில் அதே பி.எஸ்ஸி. இயற்பியலில் ஒரு மார்க்கில் இடம் போய், வேறு எதுவும் கிடைக்காமல் அந்த வருடம் வீட்டில் இருந்தான். ரூஃபஸ் டி.சி. வாங்கிப் போனபோது சேர்க்கை முடிந்துவிட்டிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அந்த இடம் மூன்று வருடமும் காலியாகவே இருந்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள். வேலுமணி இதுபற்றி ஒருநாளும் பேசியதில்லை. இப்போதும் கிறிஸ்துமஸுக்கு வாட்ஸாப்பில் கேக் படம் அனுப்புகிறான்.

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஆன்லின் அம்மாவின் ஹோண்டாவோடு காத்திருந்தாள். வழக்கமாக அவர் ஏறியதும் பாட்டின் சத்தத்தைக் குறைப்பாள். இன்று பாட்டே ஓடவில்லை.

"என்ன மக்களே?"

"போர்ட்டல்ல கன்ஃபர்ம் பட்டன் வேலை செய்யல. 'கான்டாக்ட் அட்மிஷன்ஸ்'னு வருது. போன் பண்ணினேன், ஆபீஸ் க்ளோஸ்ட்." அவள் வண்டியை எடுக்கவில்லை. "நான் ஏதோ தப்பு பண்ணிருக்கேன்ப்பா. அப்ளிகேஷன்ல ஏதாவது டேட் தப்பா போட்டிருப்பேன். பொய் சொல்லிருக்கேன்னு நெனைச்சிருப்பாங்க. ஐ கீப் கோயிங் ஓவர் இட்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களில் நகங்களை அவள் கடித்துத் தின்றிருந்தாள். ஏழாம் வகுப்பில் ஸ்பெல்லிங் போட்டிக்கு முந்தின நாள் அப்படிச் செய்தவள். அதற்கப்புறம் விட்டுவிட்டாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"நீ தப்பு பண்ணல," என்றார். "நான்தான்."

போனை எடுத்து, மின்னஞ்சலைத் திறந்து, அவள் மடியில் வைத்தார். பின்னாலிருந்த வண்டி ஹார்ன் அடித்தது. ஆன்லின் காரைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டுப் படித்தாள். பதிலைப் படித்தாள். கீழே அவர் மார்ச்சில் எழுதியதையும் படித்தாள்.

"அப்பா. நீங்க என் நம்பர் போட்டு எழுதினீங்களா?"

"ஃபைல் கண்டுபிடிக்க ஈசியா இருக்கும்னு."

"ஓ மை காட்." அவள் கதவைத் திறந்து இறங்கினாள். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். ரூஃபஸ் சீட் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவள் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். கண் சிவந்திருந்தது.

"இது எப்போ வந்துச்சு?"

"நியூவர்க்ல."

"நியூவர்க்லருந்து இங்க வரைக்கும் முக்கால் மணி நேரம். என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவர் அதையும் மறைக்கவில்லை. "சொல்லாமலே இருந்திடலாமான்னு பாத்தேன்."

அவள் மின்னஞ்சலை மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவருடைய ரயில் அடுத்த ஊரையே அடைந்திருக்கும். நிறுத்துமிடத்தில் பாதிக் கார்கள் போய்விட்டன. பிறகு கேட்டாள்: "டி.சி.ன்னா என்ன?"

அவர் விளக்கினார். நாகர்கோவில், கார்டு, பஸ், 'கான்டக்ட் குட்' என்று எழுதி முத்திரை குத்தின தாள். அந்தத் தாள் இல்லாமல் அடுத்த கல்லூரியின் வாசலில்கூட நிற்க முடியாது என்பது.

"காலேஜ விட்டுப் போறவனுக்கு, அவன் நல்ல பையன்னு காலேஜே எழுதிக் குடுக்குமா?"

"ஆமா."

"அத நீங்க இங்க மெடிக்கல் ஸ்கூல்ல கேட்டிருக்கீங்க."

"ஆமா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்து மூக்கு வழியாக வந்தது. "ஐ அம் ஸோ மேட் அட் யூ," என்று சொல்லிக்கொண்டே டிஷ்யூவைத் தேடினாள். அவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அங்கேயே, காரில் உட்கார்ந்தபடி, அவள் மூன்று வரியில் பதில் எழுதி அனுப்பினாள். எனக்கு இந்த இடம் வேண்டும், மாறிப்போகும் எண்ணம் இல்லை, அந்தக் கடிதம் என் அப்பா எழுதியது, அவர் என்னை நேசிக்கிறார். கடைசி வாக்கியம் வேண்டாம் என்றார் ரூஃபஸ். அவள் எடுக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் எழுத்தில் என்றால் தாளில்தான் என்பது ரூஃபஸின் எண்ணம். புதன்கிழமை விடுப்புப் போட்டார். காலையில் கிருபாராணி வேலைக்குக் கிளம்பும்போது, அவர் பிளாஸ்டிக் ஃபோல்டரில் இரண்டு பிரதிகள் வைப்பதைப் பார்த்தாள்.

"நேர்ல போறீங்களா? மெயில் போயாச்சுன்னு பிள்ள சொல்லுதே."

"மெயிலாலதான இவ்வளவும் வந்துது."

அவளால் மறுக்க முடியவில்லை. "சட்டைய மாத்துங்க. காலர் தேஞ்சிருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

கல்லூரி தெற்கே ஒரு மணி நேரம். ஆன்லின் ஓட்டினாள். போகிற வழியில் சிக்னலில் நின்றபோது கடிதத்தை எடுத்துப் படித்தாள். ரெஸ்பெக்டட் மேடம். மேற்படி மாணவியின் தகப்பனாகிய நான், மார்ச் மாதம் அவர் அறியாமல் எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனது மகள் நான்கு வருடமும் தங்கள் கல்லூரியிலேயே படிப்பார். எக்காரணம் கொண்டும் டி.சி. கேட்கமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

"பச்சை லைட்," என்றார் ரூஃபஸ். சிரித்த சிரிப்பில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

சேர்க்கை அலுவலகத்தில் கண்ணாடி அணிந்த ஒரு பெண்மணி இருந்தார். ஆன்லின் பெயரைச் சொன்னதும் "ஆ, அந்த அப்பா!" என்றார். காலையிலேயே மெயிலைப் பார்த்துவிட்டதாகவும், இடம் பத்திரமாக இருப்பதாகவும், பட்டன் இப்போது வேலை செய்யும் என்றும் சொன்னார். இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம் என்றார். ரூஃபஸ் இருந்தாலும் கடிதத்தை இரண்டு கைகளாலும் கொடுத்தார். அந்தப் பெண்மணி அதை அவசரப்படாமல் முழுதும் படித்தார்.

"மிஸ்டர் ரூஃபஸ், உங்கள் மகளுக்கு வேறு இடமும் இருக்கிறதா?"

"எம்.டி. இருக்கிறது மேடம். ஒஹையோவில்."

"இருந்தும் இங்கே வருகிறாளா?"

"அவள் முடிவு செய்தது," என்றார். பிறகு, ஏதோ குறைந்ததுபோல, "எனக்கும் சம்மதம்," என்று சேர்த்தார். ஆன்லின் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

ரூஃபஸ் நகர்வதாக இல்லை. இரண்டாவது பிரதியை நீட்டினார். "ரிசீவ்ட் என்று சீல் வைத்துத் தர முடியுமா?"

சீல் இல்லை. அந்தப் பெண்மணி மேசை இழுப்பறைகளைத் திறந்து தேடிப் பார்த்தார். கடைசியில் பேனாவால் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்து கொடுத்தார். ரூஃபஸ் அதை ஃபோல்டரில் வைத்துப் பட்டனை அழுத்தி மூடினார்.

காரில் ஏறியதும் ஆன்லின் போனில் முதலில் இங்கே உறுதி செய்தாள். பிறகு ஒஹையோவின் பக்கத்தைத் திறந்தாள். 'இடத்தை விட்டுக்கொடுக்கிறேன்' என்ற பட்டன். கட்டைவிரல் அதன்மேல் நின்றது. "அப்பா, யூ ஓக்கே?"

ரூஃபஸ் அந்தத் திரையைப் பார்த்தார். எம்.டி. என்ற இரண்டு எழுத்துகள் கல்லூரிப் பெயருக்குக் கீழே சின்னதாக இருந்தன.

"அங்க லிஸ்ட்ல அடுத்தாள் யாரோ உக்காந்திருப்பான்," என்றார். "அஞ்சு மணி வர காக்க வைக்காண்டாம். இப்பமே அமுக்கு."

அவள் அமுக்கினாள். 'உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்' என்று வந்தது.

ஊருக்குள் நுழையும்போது கிருபாராணியின் போன் வந்தது. சீல் வச்சாங்களா என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு, போதகர் கூப்பிட்டதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாட்சி உண்டா, இல்லையா?

"உண்டு," என்றார் ரூஃபஸ். "கொஞ்சம் நீளமா இருக்கும்னு சொல்லு."