சட்டத்துக்குள் இருந்த டீச்சர்

என் செருப்புக்கடைக்கு மேல்மாடியில்தான் அந்த இங்கிலீஷ் வகுப்பு. படியேறினால் முதல் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்கும். இன்னார் ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கத் தகுதி பெற்றவர் என்று அதில் இருக்கும். அதில் பெயர் உள்ள அக்கா அதற்கு நேர்கீழே உட்கார்ந்து சேர்க்கைப் படிவம் நிரப்புவார். உள்ளறையில் அவர் கணவர் பாடம் நடத்துவார். அவரிடம் எழுத்துப்பூர்வமாக ஒன்றும் கிடையாது. ஆக, சட்டப்படி டீச்சர் சட்டத்துக்குள் இருந்தார். பாடம் மட்டும் உள்ளே நடந்தது.

அங்கே படித்த நாங்கள் யாரும் மாஸ்டரைக் குறை சொன்னதில்லை. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பதினோரு வருஷம் வெளிநாட்டுக்காரர்களிடம் திட்டு வாங்கியே இங்கிலீஷ் கற்றவர் அவர். அப்படிக் கற்றது லேசில் மறக்குமா? கற்றதையே எங்கள் தலையிலும் இறக்கினார். ஆறே மாதத்தில் எங்கள் எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்பது மணிமணியாக வந்துவிட்டது. ஒருமுறை என் கடைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் செருப்பு அழகாக இருக்கிறது என்றார். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு நான் வருத்தம் தெரிவித்தேன். அவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வகுப்பின் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமானால் சான்றிதழ்காரர் பாடம் நடத்துவதை அதிகாரி நேரில் பார்ப்பாராம். தேறாவிட்டால் கதவுக்குப் பூட்டு. மாஸ்டர் கலங்கவில்லை. ஒரு மணி நேரப் பாடத்தை நாலு பக்கத்தில் எழுதி அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை ஒப்பிக்க வேண்டும், மாஸ்டர் கடைசி பெஞ்சில் மாணவராக உட்காருவார் என்று ஏற்பாடு.

மாடிப்படி என் கடையை ஒட்டித்தான் இறங்குகிறது. ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"படிச்சு வாங்கினவளுக்கே பாடம் எழுதிக் குடுக்குறீங்களா?" என்றார் அக்கா.

"நீ வாங்கி எட்டு வருஷம் ஆச்சும்மா. வகுப்புல நின்ன பழக்கம் வேணும்ல?"

"யாரு நிக்க விட்டாங்க?"

தேறிவிட்டால் காலை வகுப்பு தனக்கு வேண்டும் என்று அக்கா கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றார் மாஸ்டர். எங்கள் வியாபாரத்தில் அந்த வார்த்தைக்குத் தரமாட்டேன் என்றுதான் பொருள். அக்கா படியேறிய வேகத்தைப் பார்த்தால் அவருக்கும் பொருள் தெரிந்திருந்தது.

மறுநாள் மாஸ்டர் டீ-சர்ட்டும் புது நோட்டுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களோடு படிக்கும் டாக்ஸிக்காரர் பழக்க தோஷத்தில் கடைசி பெஞ்சைப் பார்த்து வணக்கம் சொல்ல எழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். சோதிக்க வந்த அதிகாரி ஜன்னலோரம் ஃபைலை விரித்துக்கொண்டார்.

அக்கா முதல் பக்கத்தைத் தாளைவிட்டுக் கண்ணெடுக்காமல் வாசித்தார். பணிவாகப் பேசுவது எப்படி என்பது பாடம். அதிகாரி கொட்டாவியைக் கையால் மறைத்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. வார்டு மேற்பார்வையாளர் இன்றைக்கும் டபுள் டியூட்டி பார்க்கச் சொன்னால் என்ன சொல்வாய் என்று, எங்களோடு படிக்கும் நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் எழுந்து இங்கிலீஷில் வருத்தம் தெரிவித்து, நன்றி கூறி, கட்டாயம் செய்கிறேன் என்று முடித்தாள். உச்சரிப்பில் அப்பழுக்கில்லை. மாஸ்டர் மீசைக்குள் சிரித்தார்.

"நிஜத்துலயும் அப்படியா சொன்னே?" என்றார் அக்கா.

"ஆமாக்கா. மூணு வாரமா சொல்லிட்டிருக்கேன்."

அக்கா அந்த நாலு பக்கத்தையும் மடித்து மேஜை ஓரம் வைத்தார். இதுவரை யாராவது இங்கிலீஷில் முடியாது என்று சொன்னதுண்டா என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. மாஸ்டரின் செருப்பு என் செருப்பை மிதித்தது. மாணவர் வாயில் எது இல்லையோ அதைக் கண்டுபிடிப்பதுதான் பாதிப் பாடம் என்று அக்கா சான்றிதழ் வாங்கிய படிப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது பார்த்தது, போர்டில் "நோ" என்று எழுதி எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்ததைத்தான். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் மறுக்க வேண்டும். காரணமும் சொல்லக்கூடாது, வருத்தமும் தெரிவிக்கக்கூடாது.

அறை சந்தைக்கடை ஆனது. டாக்ஸிக்காரர் ஒரு ஜோடி செருப்பை இனாமாகக் கேட்டார். "நோ" என்றேன். மனதாரப் பேசிய முதல் இங்கிலீஷ் அது. விடுமுறையில் வேலைக்கு வர முடியுமா என்று அதிகாரியே நர்ஸைக் கேட்டுப் பார்த்தார். "நோ சார்" என்றாள், மேலே ஒரு வார்த்தை இல்லை. அவர் பேனா ஓட ஆரம்பித்தது.

"அந்தக் கடைசி பெஞ்ச்காரர் வாயே திறக்கலையே," என்றார் அதிகாரி.

மாஸ்டர் எழுந்தார். அக்கா அவரை நேராகப் பார்த்து, நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் கேட்டார்: காலை வகுப்பை எனக்குக் கொடுப்பீர்களா?

எத்தனையோ பேரத்தைப் பார்த்தவன் நான். இப்படி ஒரு மடக்கு பார்த்ததில்லை. சரி என்றால் அதிகாரி முன்னால் வகுப்பு கை மாறும், ஒரு மாணவர் பாடத்தில் தோற்றதாகவும் ஆகும். முடியாது என்றாலோ, பாடம் நடத்திய அக்கா ஜெயித்தார். மாஸ்டருக்கும் அது உறைத்தது. எட்டு வருஷமாக நடத்தும் இடத்துக்குப் பூட்டு விழாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது.

"நோ," என்றார். வருத்தம் ஒட்டாத சுத்தமான நோ.

அதிகாரிக்கு ஏகத் திருப்தி. கையெழுத்துப் போட்டுக் கிளம்பும்போது மாஸ்டரின் தோளைத் தட்டினார். "உங்களுக்கு நல்லா வருது சார். இந்த டீச்சரை விட்டுடாதீங்க. மூணு மாசத்துக்குள்ள சொல்லாம ஒரு நாள் காலைல வந்து பார்ப்பேன். நீங்களும் இருக்கணும்."

அப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கிறது? அதிகாரி எந்தக் காலையில் வந்தாலும் அக்கா போர்டருகிலும் மாஸ்டர் பெஞ்சிலும் இருந்தாக வேண்டும். காலை வகுப்பு அக்காவுக்குப் போனது. மாலை வகுப்பை மட்டும் மாஸ்டர் இழுத்துப் பிடித்துக்கொண்டார். காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவார். சும்மா அதிகாரிக்காக என்பார்.

மூன்றாவது வாரம் கையைத் தூக்கினார். காலத்தைச் சொல்லும்போது எங்கே 'சின்ஸ்' வரும், எங்கே 'ஃபார்' வரும் என்று கேட்டார். பதினோரு வருஷம் இரண்டையும் தப்பில்லாமல் பேசியவருக்கு, ஏன் என்று ஒரு நாளும் தெரியாதாம். அக்கா போர்டில் ஒரு கோடு போட்டு இரண்டு நிமிஷத்தில் விளக்கினார். எனக்கும் புரிந்தது. மாஸ்டர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார், நான் பார்த்துவிடாதபடி இடது கையால் மறைத்து.